ப்ளூடூத் வீடியோவும் பிளாக்செயின் ஆப்பும்: ஓட்டுப் பாதுகாப்பு பற்றிய பேச்சை எப்படி எடைபோடுவது?

காவேரிப்பட்டணத்துத் தம்பி கேட்டிருப்பது இரண்டு விஷயம். அவருடைய மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்திருக்கிறது. ஓட்டு மெஷினைப் பக்கத்துத் தெருவில் நின்றபடியே ப்ளூடூத்தில் மாற்றிவிடலாம் என்கிறது அது. அதே வாரம் அவர்களுடைய மா விவசாயிகள் சங்கத்துக்கு ஒரு கம்பெனிக்காரர் வந்து, நிர்வாகிகள் தேர்தலை இனி கைபேசி ஆப்பிலேயே நடத்தலாம், ராணுவத் தர மறையாக்கம் (என்க்ரிப்ஷன்), பிளாக்செயின், உலகத்தில் யாராலும் உடைக்க முடியாது என்று விளக்கிவிட்டுப் போயிருக்கிறார். சங்கத்தில் அறுநூறு சொச்சம் உறுப்பினர்கள். “மெஷினை நம்பாதேங்கறார் மாமா, ஆப்பை நம்புங்கறார் அந்த ஆளு. ரெண்டுல எது நிஜம்?” என்கிறார் தம்பி.

தருமபுரியில் பாலிடெக்னிக் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்தேன். பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்திருக்கிறேன். அதனால் கருவியின் உள்ளேயும் தெரியும், சாவடியின் உள்ளேயும் தெரியும். சுருக்கமாகக் கேட்டால், மாமாவின் வீடியோவில் ஒரு நிஜ விதை இருக்கிறது, ஆனால் அவர்கள் சொல்கிற மாதிரி நடக்காது. கம்பெனிக்காரர் சொன்ன வார்த்தைகள் நிஜமாகவே இருக்கலாம், ஆனால் உங்கள் சங்கத்துக்கு இருக்கிற கேள்விக்கு அவை பதில் ஆகாது.

மாம்பழ சீசனில் நீங்கள் தினமும் பார்க்கிற காட்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன். தோதாபுரி லோடு ஏற்றிக்கொண்டு கூழ் ஃபேக்டரிக்குப் போகிறீர்கள். வாசலில் எடைமேடை. அந்த எடைமேடைக்குள் என்ன சிப் இருக்கிறது, யார் புரோகிராம் எழுதினார் என்று எந்த விவசாயியும் கேட்பதில்லை. வழியிலேயே வேறொரு எடைமேடையில் ஒரு தரம் ஏற்றிப் பார்த்து, அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். ஃபேக்டரி எடை அம்பது கிலோ குறைந்தால் உடனே சீட்டை எடுத்து நீட்டுகிறார். எடைமேடை தப்பே செய்யாது என்று அவர் நம்பவில்லை. தப்பு செய்தால் பிடித்துவிடலாம் என்றுதான் நம்புகிறார்.

இதையே தேர்தலுக்குச் சொன்னவர் ரான் ரிவெஸ்ட். இன்று வங்கிப் பரிமாற்றம் வரை பயன்படுகிற ஆர்எஸ்ஏ மறையாக்கத்தை 1977-ல் உருவாக்கிய மூவரில் ஒருவர். ஆர்எஸ்ஏ என்பதில் முதல் எழுத்தே அவர் பெயருடையது. ஜான் வாக் என்பவரோடு சேர்ந்து 2006-ல் அவர் ஒரு வரையறை கொடுத்தார்: மென்பொருளில் யாரும் கவனிக்காத ஒரு பிழையோ மாற்றமோ இருந்தால், அதனால் முடிவு மாறிப்போய், அந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கவே வழியில்லாத நிலை வரக்கூடாது. மறையாக்கத்தில் உலகத்துக்கே ஆசானாக இருப்பவர், தேர்தலை மென்பொருளின் நம்பிக்கையில் மட்டும் விடாதீர்கள் என்கிறார். இந்த விஷயத்தில் யார் என்ன சொன்னாலும் நான் முதலில் இந்த வரையறையில் வைத்துத்தான் உரசிப் பார்ப்பேன்.

இனி ப்ளூடூத். நம் நாட்டு மெஷினில் வயர்லெஸ் வாங்கி கிடையாது, இன்டர்நெட் இணைப்பும் கிடையாது. பிறகு எங்கிருந்து இந்தப் பேச்சு வந்தது? 2010-ல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன், ரோப் கோங்ரைப் ஆகியோரின் குழு நிஜ இந்திய மெஷின் ஒன்றைத் திறந்து ஆராய்ந்து, இரண்டு வழிகளைச் செய்தே காட்டியது. முதல் வழியில், அலுவலர் பக்கம் இருந்து ஓட்டைப் பதிந்து வைக்கிற கன்ட்ரோல் யூனிட்டின் எண் காட்டும் டிஸ்ப்ளே பலகையைக் கழற்றிவிட்டு, பார்க்க அச்சு அசலாக இருக்கிற வேறு பலகையை மாட்டினார்கள். அந்தப் பலகைக்குள் ஒரு ப்ளூடூத் சிப்பை ஒளித்துவைத்து, யாருக்குச் சாதகமாகக் காட்ட வேண்டும் என்று கைபேசியிலிருந்து சொன்னார்கள். இரண்டாவது வழியில், நினைவகச் சிப்பின் மேல் கவ்விக்கொள்கிற சின்னக் கருவி ஒன்றை வைத்து, பதிவான ஓட்டையே மாற்றி எழுதினார்கள். இரண்டுமே நடந்த ஆராய்ச்சி. அந்த மெஷின் எப்படிக் கைக்கு வந்தது என்ற வழக்கில் ஹரி பிரசாத் அந்த ஆகஸ்டில் கைதும் ஆனார். ஒரு குறையைக் காட்டியவரை அப்படி நடத்தியது தவறு என்பது என் கருத்து. குறையை எடுத்துச் சொல்கிறவர்கள் பயந்து ஒதுங்கிவிட்டால், பிறகு குறை தெரிந்தவர்கள் திருடர்கள் மட்டும்தான்.

ஆனால் அந்த ஆராய்ச்சியில் இருந்த ஒரு நிபந்தனை வாட்ஸ்அப் வீடியோவுக்கு வரும்போது காணாமல் போய்விட்டது. யாராவது மெஷினைக் கையில் எடுத்து, சீலைப் பிரித்து, மூடியைக் கழற்றி, உள்ளே பலகையை மாற்ற வேண்டும். தெருவில் நிற்கிறவனுடைய போன் அதற்கப்புறம்தான் வேலைக்கு வரும். அது விவிபேட், அதாவது போட்ட ஓட்டைக் காகிதச் சீட்டில் அச்சடித்துக் காட்டும் பெட்டி, வராத காலத்து மெஷின் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே எந்த ஹேக் பேச்சு வந்தாலும் கேட்க வேண்டியது இதுதான்: இதைச் செய்ய ஒருவன் எங்கே போக வேண்டும், எத்தனை மெஷினைத் தொட வேண்டும், எத்தனை பேர் உடந்தையாக இருக்க வேண்டும், அதை யார் பார்த்துவிடக்கூடும்?

எந்த மெஷின் எந்தத் தொகுதிக்கு என்பது ஒரு குலுக்கல், எந்தச் சாவடிக்கு என்பது இன்னொரு குலுக்கல். இரண்டும் கட்சிக்காரர்களைக் கூப்பிட்டு வைத்துக் கம்ப்யூட்டரில் நடக்கிறது. நாம் பொத்தானை அழுத்துகிற பேலட் யூனிட்டில் பெயர் வரிசை தொகுதிக்குத் தொகுதி மாறும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவு பெற்ற மற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசி, ஒவ்வொரு பிரிவிலும் அகர வரிசை. பென்னாகரத்தில் மூன்றாவது பொத்தானில் இருக்கிற கட்சி ஊத்தங்கரையில் முதல் பொத்தானில் இருக்கலாம். மெஷின் செய்த ஃபேக்டரியிலேயே, இந்தக் கட்சிக்குப் போடு என்று சிப்பில் சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்ற பேச்சு இந்த இடத்தில் இடிக்கிறது. அதற்காக இந்தப் பக்கத்துச் சமாதானம் முழுமை என்றும் நான் சொல்லமாட்டேன். விவிபேட் சின்னத்தை அச்சடிக்க வேண்டும் அல்லவா? அந்தச் சின்னங்கள் வேட்பாளர் பட்டியல் முடிவான பிறகு, லேப்டாப்பிலிருந்து சின்னம் ஏற்றும் கருவி வழியாக விவிபேட்டுக்குள் போகின்றன. மெஷினுக்குள் வெளியிலிருந்து எதுவுமே போகாது என்று மேடையில் ஒருவர் பேசினால், அதுவும் முழு உண்மை கிடையாது. மெஷினின் மூலநிரலும், அதாவது அதை இயக்கும் புரோகிராமின் எழுத்து வடிவமும், பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடப்படவில்லை. கேள்வி கேட்கிறவர்கள் எல்லாம் வதந்திக்காரர்கள் என்று ஒதுக்கிவிடக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எல்லா விவிபேட் சீட்டையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. ஆனால் சின்னம் ஏற்றும் கருவிகளை முடிவு வந்த பிறகும் 45 நாள் சீல் வைத்துப் பாதுகாக்க வேண்டும் என்றது. இரண்டாவது, மூன்றாவது இடத்துக்கு வந்த வேட்பாளர்கள் ஏழு நாளுக்குள் எழுதிக்கொடுத்துப் பணம் கட்டினால், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் 5% மெஷின்களின் நினைவகச் சிப்பைச் சோதிக்கலாம் என்றும் வழி செய்தது. கேள்வி கேட்டவர்களால் கிடைத்த பலன் இது.

சாவடிக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கிட்டத்தில் காட்டுகிறேன். பென்னாகரம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. விடியற்காலை ஐந்தரைக்கே வேட்பாளர்களின் ஏஜென்டுகள் ஐந்து பேர் வந்துவிட்டார்கள். மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது 50 ஓட்டு போட வேண்டும். ஒவ்வொருவரும் மாறி மாறிப் பொத்தானை அழுத்தினார்கள், நான் ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். க்ளோஸ், ரிசல்ட், க்ளியர் என்று மூன்று பொத்தான். ரிசல்ட்டில் வந்த எண்ணும் விவிபேட் பெட்டியிலிருந்து எடுத்து எண்ணிய சீட்டும் என் கோடும் ஒத்துப்போயின. அந்தச் சீட்டுகளின் முதுகில் மாதிரி வாக்கு என்று முத்திரை குத்தி, கறுப்பு உறைக்குள் போட்டு சீல் வைத்தோம். க்ளியர் அழுத்தி, எல்லோருக்கும் பூஜ்யத்தைக் காட்டினேன். ஐந்து பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பச்சைத் தாள் சீலில் கையெழுத்துப் போட்டார்கள், அதன் எண்ணைக் குறித்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வரிசையில் கடைசி ஆள் போட்டு முடித்ததும் க்ளோஸ் அழுத்தினேன். மொத்தம் 743. ஓட்டர் பதிவேட்டின் கடைசி வரிசை எண்ணும் 743. படிவம் 17சி-யில் அதை எழுதி, ஏஜென்டுகளுக்கு நகல் கொடுக்க நிமிர்ந்து பார்த்தால் இரண்டு பேர்தான் இருந்தார்கள். மற்ற மூன்று பேரும் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டிருந்தார்கள். காலையில் பூஜ்யத்தைக் கழுத்தை நீட்டிப் பார்த்தவர்கள், அந்த நாளின் ஒரே நிரந்தர ஆதாரத்தை வாங்காமலே போய்விட்டார்கள். எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட வருத்தம் இன்றும் போகவில்லை. எடைச்சீட்டை ஃபேக்டரி வாசலிலேயே விட்டுவிட்டு வந்த விவசாயி மாதிரிதான் அது. எண்ணும் மேசையில் மெஷினைத் திறக்கும்போது அதன் எண், சீல், மொத்த ஓட்டு மூன்றையும் ஒத்துப் பார்க்க ஏஜென்ட் கையில் இருக்க வேண்டியது அந்த ஒரு தாள்தான்.

17சி தெரிந்திருந்தால் இன்னொரு புரளியும் பிடிபடும். 2024 ஏப்ரல் 19 சாயங்காலம் தமிழ்நாட்டில் 72.09% பதிவு என்று அறிவிப்பு வந்தது. பிறகு அது குறைந்து, கடைசியில் 69.72% என்று நின்றது. ஓட்டைத் தூக்கிவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. சாயங்கால எண் என்பது, கடைசி நேர வரிசை நின்றுகொண்டிருக்கும்போதே சாவடிகளிலிருந்து அவசரமாகக் கேட்டு வாங்கிச் சேர்த்த மதிப்பீடு. இறுதி எண் 17சி-யிலிருந்து வருவது. இரண்டும் வேறு வேறு வழியில் வருகிறவை, ஒத்துப்போகாததில் ஆச்சரியமில்லை. ஆனால் இந்த விளக்கத்தை ஏன் நம்ப வேண்டும் என்றால், ஒவ்வொரு சாவடியின் 17சி நகலும் கட்சிக்காரர் கையில் இருந்து, கூட்டிப் பார்க்க முடியும் என்பதால். அறிவித்தவர் மேல் வைக்கிற நம்பிக்கையால் இல்லை.

நம் மாவட்டத்தில் நிஜமாகவே மறுவாக்குப்பதிவு நடந்தது எதனால் என்பதையும் ஞாபகப்படுத்திக்கொள்வோம். 2019 நாடாளுமன்றத் தேர்தலில் தருமபுரி தொகுதியின் பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதியில் 8 சாவடிகளுக்கு மே 19-ல் மறுபடியும் ஓட்டுப்பதிவு நடத்தினார்கள். சாவடியைக் கைப்பற்றி மற்றவர்கள் ஓட்டையும் போட்டார்கள் என்பது புகார். அந்தப் புகாரில் சிப் இல்லை, ப்ளூடூத் இல்லை. இருந்தது ஆள் பலமும், ஊருக்குள் எதிர்த்துப் பேச முடியாத நிலைமையும். இந்த மெஷினில் நிமிடத்துக்கு நான்கைந்து ஓட்டுக்கு மேல் பதிவாகாது என்பது அந்த வேலையைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். மறையாக்கம் எதுவும் அந்த 8 சாவடியில் உதவியிருக்காது.

மாமாவுக்குச் சொல்ல வேண்டிய உண்மையான கவலை ஒன்று இருக்கிறது. அது ப்ளூடூத்தைவிடச் சுவாரசியம் குறைந்தது, முக்கியத்துவம் கூடியது. விவிபேட் சீட்டு ஏழு விநாடி கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்து பெட்டிக்குள் விழுகிறது. அதுதான் நமக்கு இரண்டாவது எடைமேடை. ஆனால் எல்லாப் பெட்டியையும் எண்ணுவதில்லை. 2019 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஒரு சட்டமன்றப் பகுதிக்குக் குலுக்கல் முறையில் 5 சாவடிகளின் சீட்டை மட்டும் எண்ணிச் சரிபார்க்கிறார்கள். ஐந்து போதுமா? வித்தியாசம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. நம் இரண்டு மாவட்டத்திலேயே அதற்குப் பாடம் இருக்கிறது.

2024-ல் தருமபுரி நாடாளுமன்றத் தொகுதியில் ஜெயித்தவருக்கும் இரண்டாவது வந்தவருக்கும் வித்தியாசம் 21,300. ஆறு சட்டமன்றப் பகுதி, ஆகவே 30 சாவடி சரிபார்ப்பு. கணக்குக்காக மொத்தம் 1,800 சாவடி என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் முடிவைப் புரட்ட நினைத்தால் 10,651 ஓட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்ற வேண்டும். சந்தேகம் வராமல் சாவடிக்கு 50 ஓட்டு என்று மாற்றினால் 214 மெஷினைத் தொட்டாக வேண்டும். அப்படித் தொட்டிருந்தால், குலுக்கி எடுத்த 30-ல் ஒன்றாவது அதில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 98%. ஆக, அவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு இந்தச் சரிபார்ப்பு பலமான காவல்.

இப்போது 2021 சட்டமன்றத் தேர்தலில் கிருஷ்ணகிரியை எடுங்கள். வித்தியாசம் 794 ஓட்டு. புரட்ட 398 போதும். சாவடிக்கு 50 என்றால் எட்டே மெஷின். 350 சாவடி என்று வைத்துக்கொண்டு ஐந்தைக் குலுக்கி எடுத்தால், அந்த எட்டில் ஒன்று சிக்கும் வாய்ப்பு சுமார் 11%. இது வெறும் கணக்கு. கிருஷ்ணகிரியில் எதுவும் தவறாக நடந்தது என்று இதற்கு அர்த்தமே இல்லை, அப்படி யாராவது இதை எடுத்துப் பரப்பினால் அது பொய். நான் சொல்ல வருவது, எந்தத் தொகுதியாக இருந்தாலும் ஐந்து என்று ஒரே எண்ணைக் கட்டிவைத்தால், முடிவு நெருக்கமாக இருக்கிற இடத்தில், அதாவது சரிபார்ப்பு மிகவும் தேவைப்படுகிற இடத்தில், அது பலமிழந்துபோகிறது.

இதற்கு விடை உண்டு. வித்தியாசம் குறையக் குறைய அதிகமான சீட்டை எண்ண வேண்டும். தப்பான முடிவு நழுவிப்போகும் அபாயத்தை இவ்வளவுக்குள் வைப்போம் என்று முதலிலேயே நிர்ணயித்து, அதற்கேற்ப எண்ணிக்கொண்டே போக வேண்டும். புள்ளியியல் பேராசிரியர் பிலிப் ஸ்டார்க் இந்த முறைக்கு 2008 வாக்கில் உருவம் கொடுத்தார். அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2017-ல் மாநிலம் முழுவதும் நடைமுறைப்படுத்தியது. பெரிய வித்தியாசத்துக்குக் கொஞ்சம் சீட்டே போதும், 794 மாதிரி இருந்தால் கிட்டத்தட்ட எல்லாப் பெட்டியையும் திறக்க வேண்டியிருக்கும். நம் நாட்டில் கேட்டுப் பெற வேண்டிய சீர்திருத்தம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். மாமா அந்த வீடியோவைப் பத்துப் பேருக்கு அனுப்புவதற்குப் பதிலாக இந்தக் கணக்கை ஒரே ஒரு கட்சிக்காரருக்குப் புரியவைத்தால் எவ்வளவோ நல்லது.

சரி, உங்கள் ஆப் கம்பெனிக்கு வருவோம்.

ராணுவத் தரம் என்று அவர் சொல்வது பெரும்பாலும் ஏஇஎஸ் மறையாக்கமாக இருக்கும். அது நல்ல பூட்டு, சந்தேகமில்லை. ஏன் நல்லது தெரியுமா? 1997-ல் அமெரிக்கத் தர நிறுவனம் உலகத்துக்கே அழைப்பு விடுத்தது. 15 பூட்டுகள் போட்டிக்கு வந்தன. ஒருவர் பூட்டை இன்னொருவர் உடைக்கப் பார்த்தார், எல்லாம் வெளிப்படையாக. 2000-ல் இரண்டு பெல்ஜியக்காரர்களின் வடிவம் ஜெயித்தது, 2001-ல் அது தரமாக அறிவிக்கப்பட்டது. பூட்டின் உள்ளமைப்பு ஊருக்கே தெரிந்திருக்கலாம், சாவி மட்டும்தான் ரகசியமாக இருக்க வேண்டும் என்று 1883-லேயே கெர்க்காஃப்ஸ் எழுதிவைத்தார். அந்த வழியில் வந்தது ஏஇஎஸ். ஆகவே உங்கள் ஆள், “எங்க முறை ரகசியம், அதனாலதான் பாதுகாப்பு” என்று சொல்லியிருந்தால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

சாவியின் நீளம் 256 பிட் என்றும் சொன்னாராம். பிட் எண்ணிக்கையைக் கேட்டு மயங்காதீர்கள். 256 பிட் ஏஇஎஸ் சாவியை இன்று இருக்கிற எந்தக் கம்ப்யூட்டராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மாஸ்கோ நகராட்சி 2019-ல் இன்டர்நெட் ஓட்டுக்கு வேறு வகை மறையாக்கத்தில் 256 பிட்டுக்கும் குறைந்த சாவிகளை வைத்தது. அந்த வகைக்கு அது குழந்தைப் பூட்டு. பியரிக் கோட்ரி என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அந்த ஆகஸ்டில் சாதாரணக் கம்ப்யூட்டரையும் இலவச மென்பொருளையும் வைத்துச் சுமார் இருபது நிமிடத்தில் திறந்துகாட்டினார். ஓட்டு தொடங்குவதற்கு முன்பே மூலநிரலை வெளியிட்டு, உடைத்துப் பாருங்கள் என்று அழைத்ததால்தான் அது தெரியவந்தது. அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் செய்தது சரி.

பிளாக்செயின் என்பது எழுதியதை அழிக்க முடியாத கணக்குப் புத்தகம். பத்திரப்பதிவை நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்கு எல்லையைத் தப்பாக எழுதிப் பதிந்துவிட்டால், வில்லங்கச் சான்று எத்தனை வருடம் கழித்துப் போட்டாலும் அந்தத் தப்பையே விசுவாசமாகக் காட்டும். புத்தகம் பத்திரமாக இருப்பது வேறு, எழுதியது சரியாக இருப்பது வேறு. உறுப்பினர் விரலால் மாமரச் சின்னத்தைத் தொட்டார், ஆப் உள்ளே தென்னை மரம் என்று எழுதி அனுப்பியது என்றால், பிளாக்செயின் தென்னை மரத்தைத்தான் கடைசிவரை காப்பாற்றும். வோட்ஸ் என்ற ஆப்பை 2018-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா வெளிநாட்டில் இருந்த வாக்காளர்களுக்குக் கொடுத்தது. அதிலும் பிளாக்செயின். 2020 பிப்ரவரியில் எம்ஐடி ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்து, போனையோ சர்வரையோ கையில் வைத்திருப்பவன் ஓட்டைப் பார்க்கவும் மாற்றவும் வழி இருக்கிறது என்று காட்டினார்கள். அந்த இடத்தில் பிளாக்செயினால் ஒரு காவலும் கிடைக்கவில்லை.

இதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. ஆப் தேர்தலில் ஓட்டுப் போடுவது தடுப்புக்குப் பின்னால் நடப்பதில்லை. வீட்டுத் திண்ணையில், ஊர்ப் பெரியவருக்குப் பக்கத்தில், கடன் கொடுத்த மண்டிக்காரர் எதிரில் நடக்கும். “போனைக் குடு, யாருக்குப் போட்டேன்னு பாக்கறேன்” என்று கேட்டால் அந்தச் சின்ன விவசாயி என்ன செய்வார்? விவிபேட் சீட்டை நம் கையில் கொடுக்காமல் பெட்டிக்குள் விழவைப்பது ஏன் என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். யாருக்குப் போட்டோம் என்று வெளியில் காட்டக்கூடிய சீட்டு கைக்கு வந்தால், பணம் கொடுத்தவன் அதைக் கேட்பான், மிரட்டுகிறவனும் கேட்பான். எடைச்சீட்டு உவமை இந்த இடத்தில் நின்றுபோகிறது. எடையை ஊருக்கே காட்டலாம், ஓட்டைக் காட்டக்கூடாது. சரிபார்க்கவும் வேண்டும், ரகசியமாகவும் இருக்க வேண்டும் என்ற இந்த இரட்டைக் கட்டாயம்தான் தேர்தலை வங்கி ஆப்பைவிடக் கஷ்டமாக்குகிறது. ஜிபேயில் பணம் தப்பாகப் போனால் பாஸ்புக்கில் தெரியும். ஓட்டுக்குப் பாஸ்புக் போட முடியாது.

இந்த முடிச்சை அவிழ்க்க நிஜமான மறையாக்கம் இருக்கிறது, அது அழகான கணிதம். ஒவ்வொரு ஓட்டும் பூட்டிய நிலையிலேயே பொதுப் பலகையில் ஒட்டப்படும். எந்த ஓட்டையும் திறக்காமல், பூட்டிய ஓட்டுகளையே ஒன்றோடொன்று பெருக்கினால் பூட்டிய மொத்தம் கிடைக்கும். அந்த மொத்தத்தை மட்டும் திறக்கிறார்கள். உங்கள் ஓட்டு பலகையில் இருக்கிறதா என்று நீங்கள் பார்க்கலாம், யாருக்கு என்று மற்றவர் பார்க்க முடியாது. மெஷின் நீங்கள் சொன்னதைத்தான் பூட்டியதா என்ற சந்தேகம் வந்தால், இதைப் போடப்போவதில்லை, திறந்து காட்டு என்று அந்தச் சீட்டைச் செல்லாததாக்கிச் சோதிக்கலாம். எதைச் சோதிப்பீர்கள் என்று மெஷினுக்கு முன்கூட்டித் தெரியாது, ஆகவே அது பொய் சொல்லத் துணிந்தால் மாட்டும். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முறையை அமெரிக்காவில் டகோமா பார்க் என்ற சின்ன ஊர் 2009-ல் நகராட்சித் தேர்தலிலேயே பயன்படுத்தியது, காகிதச் சீட்டோடு சேர்த்து.

அவ்வளவு நல்ல முறைக்கும் மனிதக் கை வேண்டியிருக்கிறது. மறையாக்க ஆராய்ச்சியாளர்களின் சர்வதேசச் சங்கம் தன் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க ஹீலியோஸ் என்ற இப்படிப்பட்ட முறையைத்தான் வருடக்கணக்காகப் பயன்படுத்துகிறது. மொத்தத்தைத் திறக்கும் சாவியை மூன்று பேரிடம் பிரித்துக் கொடுத்து, மூன்றும் சேர்ந்தால்தான் திறக்கும் என்று வைத்திருந்தார்கள். 2025 நவம்பரில் ஒருவர் தன் பங்கைத் தொலைத்துவிட்டார். பூட்டு அவ்வளவு உறுதி, உலகத்தின் மிகச் சிறந்த மறையாக்க வல்லுநர்களாலேயே தங்கள் தேர்தல் முடிவைத் திறக்க முடியவில்லை. தேர்தலை மறுபடி நடத்தினார்கள், இந்தத் தடவை மூன்றில் இருவர் போதும் என்று மாற்றிக்கொண்டு. இதில் மோசடி எதுவும் கிடையாது, கணிதம் சொன்னபடியே வேலை செய்தது. உங்கள் சங்கத்தில் அந்தச் சாவி யாரிடம் இருக்கும்? தலைவரிடமா, கம்பெனியிடமா? கம்பெனியிடம் என்றால் அறுநூறு பேரின் ஓட்டையும் பார்க்கக்கூடிய ஓர் ஆள் ஏதோ ஒரு ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009 மார்ச் 3-ல் ஒரு தீர்ப்புச் சொன்னது. தேர்தலின் முக்கியமான படிகளையும் முடிவையும் சாதாரணக் குடிமகன் தனி நிபுணத்துவம் இல்லாமலே சரிபார்க்க முடிய வேண்டும், அங்கே பயன்படுத்திய கம்ப்யூட்டர் மெஷின்கள் அதற்கு இடம் தரவில்லை, ஆகவே அது சாசனத்துக்கு விரோதம் என்றது. எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் தெரியும் என்பதால் மற்றவர்கள் என்னை நம்பித்தான் தீர வேண்டும் என்ற நிலை வரக்கூடாது. உங்கள் சங்கத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒரு பாட்டிக்கும் தோற்ற வேட்பாளருக்கும் முடிவு சரிதான் என்று கண்ணால் தெரிய வேண்டும்.

அறுநூறு பேருக்கு அது ரொம்பச் சுலபம். முதலில் சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தில் தேர்தல் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், அதை மீறி ஆப் வைத்தால் பிறகு ஒருவர் கோர்ட்டுக்குப் போக அதுவே போதும். உறுப்பினர் பட்டியலை ஒரு மாதம் முன்பே அலுவலகச் சுவரில் ஒட்டி ஆட்சேபணை கேளுங்கள். சங்கத் தேர்தல்களில் சண்டை பெரும்பாலும் எண்ணிக்கையில் வருவதில்லை, பட்டியலில்தான் வரும். அச்சடித்த வாக்குச்சீட்டு, காலிப் பெட்டியைத் திறந்துகாட்டிப் பூட்டுவது, ஒரு மேசையில் மூன்று பக்கம் அட்டை வைத்த தடுப்பு, உள்ளே போன் கூடாது. மூன்று மணிக்கு முடித்து, எல்லோர் எதிரிலும் ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டிப் பெயர் சொல்லி எண்ணினால் ஐந்து மணிக்குள் முடிவு. முடிவுத் தாளில் எல்லா வேட்பாளரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல். சீட்டுகளை ஒரு வருடம் சீல் வைத்து வையுங்கள்.

அந்தக் கம்பெனிக்காரர் மறுபடி வந்தால் மரியாதையாக உட்காரவைத்துக் கேளுங்கள்: உங்கள் நிரலை வெளியில் யார் சோதித்தார்கள், அந்த அறிக்கையைக் காட்ட முடியுமா? சாவி யாரிடம்? என் போனே கெட்டுப்போயிருந்தால் என் ஓட்டு மாறியது எனக்கு எப்படித் தெரியும்? தோற்றவர் மறு எண்ணிக்கை கேட்டால் எதை எண்ணுவீர்கள்? கடைசிக் கேள்விக்கு அதே சர்வரிலிருந்து மறுபடி பிரின்ட் எடுத்துத் தருகிறோம் என்றால், அது ஒரே எடைமேடையில் அதே லோடை இரண்டு தடவை ஏற்றுவது.

தடுப்பு அட்டையும் பெட்டியும் என்னிடம் இருக்கின்றன, பாலிடெக்னிக்கில் மாணவர் தேர்தலுக்குச் செய்தவை. தேதி முடிவானதும் சொல்லுங்கள் தம்பி, காலை முதல் பஸ்ஸுக்கே எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். மாமாவையும் வரச் சொல்லுங்கள். எண்ணும் மேசையில் அவரை முன்வரிசையில் உட்காரவைப்போம்.